எழுத்தறை இல்லாத வீட்டில் மர்ம நாவல்

எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று தனி அறை கிடையாது. மர்ம நாவல் எழுதுகிறவளுக்கு அப்படி ஓர் அறை இல்லாததே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு துப்பறியும் கதைக்குள் நான்கைந்து விதமான வேலை இருக்கிறது. குற்றத்தைத் திட்டமிட வேண்டும், அதை வாசகர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும், சாட்சிகளைப் பேச வைக்க வேண்டும், பயம் வர வேண்டிய இடத்தில் பயம் வர வேண்டும், கடைசியில் சட்டமும் மருத்துவமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் செய்கிற மனநிலையில் இன்னொன்றைச் செய்ய முடிவதில்லை. அதனால் வேலைக்குத் தகுந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே இடம் மாறி உட்காருகிறேன். மாத நாவல்கள் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இதுதான் வழக்கம்.

வீடு திருச்சி பொன்மலைப்பட்டியில் இருக்கிறது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் கட்டிய வீடு. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு வந்தது. அதை ஒட்டித்தான் இந்தப் பகுதியே வளர்ந்தது. முன்னால் கிரில் போட்ட வராண்டா, அப்புறம் கூடம், சமையலறை, பீரோ வைத்திருக்கும் சின்ன அறை, பின்பக்கம் துணி துவைக்கும் கல், வெளியே ஏறும் மாடிப்படி, மேலே மொட்டை மாடி. இதற்குள்தான் என் எல்லாக் குற்றங்களும் நடந்திருக்கின்றன.

குற்றம் உருவாகிற இடம் சமையலறை. காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு கீரை ஆய்வேன், சின்ன வெங்காயம் உரிப்பேன். கைக்கு வேலை இருக்கும்போது மனசு தன் போக்கில் ஓடும். அப்போது எனக்குள் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்வேன். இவன் ஏன் போன மாதம் கொல்லாமல் இன்றைக்குக் கொல்கிறான்? செத்தவர் இல்லாமல் போனால் யாருக்கு நிம்மதி? இந்தச் சாவில் ஏதோ சரியில்லை என்று முதலில் யாருக்குத் தோன்றும்? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி நாவல் கிடைத்த மாதிரி. பழைய பகை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. அது வெடிக்கிற நாள் ஏன் அந்த நாளாக இருந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. நாளைக்குப் பத்திரப் பதிவு, அடுத்த வாரம் மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், வங்கி லாக்கரை இன்றைக்குத் திறக்கப் போகிறார்கள். இப்படி ஒரு தேதி கிடைக்கும் வரைக்கும் நான் பேனாவைத் தொடுவதில்லை.

சமையலறைக்குள் நோட்டு கொண்டுபோக மாட்டேன். உப்பு ஜாடிக்கு மேலே ஆணியில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. அதில் ஒரு வரி மட்டும் எழுதலாம் என்பது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. காரணம் இருக்கிறது. பால் பொங்குகிறது, குக்கர் கூவுகிறது, வாசலில் கொத்தமல்லிக்காரர் கூப்பிடுகிறார். இத்தனைக்கும் நடுவே ஒரு சதி என் நினைவில் நிற்கிறது என்றால் அது வாசகர் நினைவிலும் நிற்கும். எழுதி வைத்துக்கொள்ளாமல் எனக்கே பிடிபடாத சதி, பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எப்படிப் பிடிபடும்? புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கொலையை யார், எதற்காக, எப்படிச் செய்தார்கள் என்று தாளிக்கிற நேரத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

அடுத்தது சாப்பாட்டு மேஜை. என் நாவல்களின் உண்மையான உழைப்பு இங்கேதான் நடக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வரை அது என்னுடையது. அகதா கிறிஸ்டி நீண்ட காலம் தனக்கென்று எழுத்தறை இல்லாமல்தான் எழுதினார். ஆடாத மேஜையும் ஒரு டைப்ரைட்டரும் இருந்தால் போதும், படுக்கையறையில் முகம் கழுவும் பளிங்கு மேடையும், சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே சாப்பாட்டு மேஜையும் தனக்குச் சரியாக இருந்தன என்று தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். வேலை செய்கிற இடத்தில் வைத்து அவரைப் படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர்கள்தான் சிரமப்பட்டார்களாம். அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபுல்ஸ்கேப் தாள்களை நீளவாக்கில் ஒட்டி மேஜை முழுக்க விரிப்பேன். மேலே பாத்திரங்களின் பெயர்கள், பக்கவாட்டில் மணி. கொலை நடந்த நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மணிக்கும் எங்கே இருந்தார்கள் என்று நிரப்ப வேண்டும். கதையில் வராத நேரத்தையும் நிரப்ப வேண்டும், அதுதான் முக்கியம். ‘அப்போது அவன் வீட்டில் இருந்தான்’ என்று எழுதினால் போதாது. வீட்டில் எங்கே, என்ன செய்துகொண்டு, யார் கண்ணில் பட்டபடி என்று எழுத வேண்டும். பிறகு இன்னொரு தாள். அதில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யார் யாருக்கு என்னென்ன தெரியும் என்று இருக்கும். முதல் தாளைப் பலரும் போடுகிறார்கள். இரண்டாவதைப் போடுகிறவர்கள் குறைவு. ஆனால் மர்ம நாவல் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்: ஐந்தாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டருக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் ஆறாம் அத்தியாயத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரில் நேரத்துக்கு ஒரு வசதி உண்டு. பட்டறைச் சங்கு. வேலைக்கு ஆள் கூப்பிடும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் இருந்தாலே கேட்கும். மாமனார் காலத்தில் குடும்பமே அதை வைத்துத்தான் நடந்தது. ஒரு நாவலில் அதை நான் தடயமாக வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் போலீசிடம் சொல்கிறாள்: “சங்கு ஊதிச்சுங்க, அதுக்கப்புறம்தான் நான் கதவையே திறந்தேன்.” கேட்டால் நம்பும்படி இருக்கிறது. ஆனால் கொலை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை, சங்கு கிடையாது. அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தத்தை, அது ஊதாத ஒரு காலைப்பொழுதுக்குள் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். இந்த யோசனை வந்தது மேஜை மேல் நேரத் தாளையும் மாதக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான்.

அப்புறம் இதை எப்படி மறைப்பது? பொன்மலை வாசகர் உடனே பிடித்துவிடுவார். கோயம்புத்தூர் வாசகருக்குச் சங்கைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாத விஷயத்தைக் கடைசியில் எடுத்து நீட்டினால் அது ஏமாற்று வேலை. அதனால் இரண்டு விஷயங்களை வெவ்வேறு இடத்தில் வெளிப்படையாகவே வைத்தேன். முதல் அத்தியாயத்தில் ஒரு தாத்தா வருகிறார். ஓய்வு பெற்ற பிறகும் சங்கு ஊதினால்தான் எழுந்திருப்பார், அது ஊதாத ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும் வரை தூங்குவார் என்று சிரிப்பாக ஒரு வரி. நான்காம் அத்தியாயத்தில், கொலை நடந்த வீட்டுச் சமையலறையில் கட்டைப் பை நிறையக் கத்தரிக்காய், காலையில்தான் சந்தையில் வாங்கியது. பொன்மலைச் சந்தை ஞாயிற்றுக்கிழமைதான் கூடும். அதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். சாட்சி பேசுவது ஒன்பதாம் அத்தியாயத்தில். தடயத்தைச் சிவப்பு மையிலும், அதற்குத் தேவையான பின்னணித் தகவலைப் பச்சையிலும், வாசகரை வேறு பக்கம் இழுக்கும் விஷயங்களை நீலத்திலும் எழுதுவேன். மேஜையில் எல்லாம் விரிந்து கிடக்கும்போது பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருந்தால் வாசகர் முந்திக்கொள்வார். நடுவில் குறைந்தது ஒரு பெரிய சண்டையோ ஒரு கைதோ இருக்க வேண்டும். லேப்டாப் திரையில் இந்தத் தூரம் தெரிவதில்லை. நான் தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டுகிறவள்தான், ஆனாலும் திட்டம் போடக் காகிதமும் மேஜையும்தான் வேண்டும்.

ராத்திரி எட்டு மணிக்குள் எல்லாத் தாளையும் சுருட்டி வைத்துவிட வேண்டும். சுருட்டும் முன் செல்போனில் ஒரு படம். அந்த நெருக்கடி எனக்குப் பிடித்திருக்கிறது. நேரம் முடிகிறது என்று தெரிந்தால், இழுத்துக்கொண்டே போகும் ஒரு சிக்கலுக்கு ஏதாவது ஒரு முடிவு எடுத்துவிடுகிறேன்.

பேச்சு எழுதுவது வராண்டாவில். சாயங்காலம் கிரிலுக்குப் பின்னால் மோடா போட்டு உட்கார்ந்தால் தெருவே பேசும். தெருக்காரர்களின் சொந்த விஷயத்தை நான் எடுப்பதில்லை. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு, தாண்டியதில்லை. பேசுகிற விதத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்ட ஒன்று என் விசாரணைக் காட்சிகளையே மாற்றியது. சாதாரணமாக யாரும் மணி சொல்வதில்லை. “பால் வந்ததுக்கப்புறம்”, “குழாய்ல தண்ணி நின்னுச்சே, அப்ப”, “சீரியல் முடிஞ்சு சாப்பிட உக்காந்தோம்” என்றுதான் சொல்கிறார்கள். நாலு நாள் கழித்துக் கேட்கும்போதும் ‘ஏழு நாற்பதுக்கு’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், இல்லையென்றால் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார். என் நாவல்களில் சாட்சிகள் இப்போது சத்தங்களை வைத்தும் வேலைகளை வைத்தும்தான் நேரம் சொல்கிறார்கள். அதை மணியாக மாற்றுவது துப்பறிகிறவரின் வேலை, அதிலேயே ஓர் அத்தியாயம் ஓடும்.

வராண்டாவில் தட்டச்சு கிடையாது. செல்போனில் குரல் வழியாகத் தமிழில் பதிவேன். வாயால் சொல்லும்போது புத்தக வாசனை அடிக்கிற வசனம் நமக்கே நெருடும். கொஞ்சம் தணிந்த குரலில் பேசிக்கொள்ளுங்கள். தெருவில் போகிறவர் காதில் ‘விஷத்தை எதில் கலந்தே’ என்று விழ வேண்டாம்.

மொட்டை மாடிக்கு விடிவதற்கு முன்னால் போவேன். பயக் காட்சிகளுக்கு அதுதான் இடம். இருட்டு இன்னும் இருக்கும், ஆனால் சுற்றிலும் வீடுகள் விழிக்கத் தொடங்கியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு, பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, கையால் எழுதுவேன். வெயில் காலத்தில் ஏழரைக்கு மேல் தரை சுடும், அக்னி நட்சத்திரத்தில் அதற்கும் முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். அதனால் அங்கே எழுதுவது எல்லாம் சின்னச் சின்னக் காட்சிகள்தான். பயம் நீளமாக எழுதினால் கரைந்துவிடும் என்பதால் அதுவும் நல்லதுக்கே.

மாடி எனக்கு இன்னொன்றுக்கும் பயன்படுகிறது. யாருக்கு எங்கிருந்து என்ன தெரியும் என்பதை அங்கே நின்றுதான் சோதிப்பேன். மகளை டார்ச்சோடு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு மேலிருந்து பார்த்தேன். தலை தெரிகிறது, உயரம் ஓரளவு தெரிகிறது, முகம் தெரியவே இல்லை. மேலிருந்து பார்க்கிற சாட்சிக்கு நடை, வழுக்கை, தலையில் வைத்த பூ இவைதான் அடையாளம். பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு முகம் கிடைக்கும், ஆனால் கையில் என்ன வைத்திருந்தான் என்பது உடம்பு மறைத்துவிடும். இரண்டு சாட்சிகளை இரண்டு உயரத்தில் நிறுத்தினால், இருவரும் உண்மையைச் சொல்லியே முரண்படுவார்கள். யாரும் பொய் சொல்லாமல் ஒரு மர்மம் கிடைக்கிறது. அப்படிப்பட்ட மர்மம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வெளிச்சத்தையும் பாருங்கள். இப்போது தெருவிளக்குகள் வெள்ளை எல்இடி. முன்பு இதே தெருவில் மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தன. அந்த வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது; நீலப் புடவையும் கரும்பச்சைப் புடவையும் ஒரே மங்கலாக இருக்கும். கதை 1990களில் நடக்கிறது என்றால், ‘நீலப் புடவை கட்டிய பெண் ஓடினாள்’ என்று தெருமுனையில் நின்றவர் உறுதியாகச் சொல்லக் கூடாது. சொன்னால், அவர் அந்தப் புடவையை வேறு எங்கோ பகலில் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அதுவே ஒரு தடயம்.

பீரோ அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் வீட்டுச் சத்தம் வராது. சரிபார்க்கும் வேலைக்கு மட்டும் அங்கே போவேன். உடல் விறைப்பு முதலில் இமைகளிலும் தாடையிலும் தெரியும், அப்புறம்தான் கை கால்களுக்குப் பரவும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விலகும். குளிர் நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து மே மாதத் திருச்சியில் வைக்க முடியாது. சட்டப் பிரிவுகளும் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நம் வாசகர்களுக்கு மனப்பாடமான கொலைக்கான 302, இப்போது 103. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சந்தேக மரணத்துக்குப் போட்ட 174, புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. கொலை 2024 ஜூன் கடைசியில் நடந்து, உடல் ஜூலையில் கிடைத்து வழக்குப் பதிவாகிறது என்றால் கொலைக்குப் பழைய எண், விசாரணை நடைமுறைக்குப் புதிய எண். இதை ஒரு வரியில் சரியாக எழுதிவிட்டால், காவல்துறையில் இருக்கிற வாசகர் மீதிக் கதையையும் நம்பிப் படிப்பார்.

எழுதி முடித்த அத்தியாயம் போய்ச் சேரும் இடம் கூடம். அங்கே மாமியாரின் கட்டில் இருக்கிறது. மத்தியானத் தூக்கத்துக்கும் சீரியலுக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைக்கும். கட்டில் காலடியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அத்தை நாலாம் வகுப்போடு நின்றவர். பட்டறைக்காரர் குடும்பத்தையும் ஐந்து பிள்ளைகளையும் நடத்தியவர். வீடு எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்த எந்த எழுத்தாளருக்கும் தெரியாது. ஒருநாள் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, செத்துப்போனவன் ராத்திரி சாப்பிட்டானா இல்லையா?”

“சாப்பிட்டான் அத்தை. இட்லி.”

“தனியாத்தானே இருந்தான்? அடுக்களை சுத்தமா இருந்துச்சுன்னு படிச்சியே. அப்ப தட்டை யார் கழுவினது?”

நான் அந்த ஆளை வாழ்நாளில் ஒரு பாத்திரம் கழுவாதவனாக எழுதியிருந்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு என்றால், அன்றிரவு வீட்டில் இன்னொருவர் இருந்திருக்கிறார். அதுவும் தட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போக மனசு வராத ஒருவர். கொலைகாரியின் குணமே அந்தத் தட்டிலிருந்து பிறந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இரைப்பையில் பாதி செரித்த இட்லி இருந்தது என்ற ஒரு வரியும், அடுக்களையில் கவிழ்த்திருந்த தட்டும் சேர்ந்து அந்த நாவலைத் தூக்கி நிறுத்தின. முதலில் படிக்கக் கொடுப்பதற்கு இலக்கியம் தெரிந்தவரைத் தேடாதீர்கள். வீட்டு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். தாளைக் கையில் கொடுக்காமல் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் திரும்புகிறது, எந்த இடத்தில் வெற்றிலைப் பெட்டியை மூடுகிறார் என்று பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள், ஹாஸ்டலில் இருக்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இடம் இல்லையென்றால் திசையையும் நேரத்தையும் மாற்றுங்கள். திட்டம் போடும்போது சுவரைப் பார்த்து உட்காருங்கள், பேச்சு எழுதும்போது வாசலைப் பார்த்து. நேரத் தாளைப் படுக்கை மேல் விரிக்கலாம், தரையில் விரிக்கலாம். மொத்தமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள் வந்தால் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு டிவி, மிக்ஸி, மோட்டார் எதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் ஒரு வீட்டில் உண்மையில் என்னென்ன கேட்கும் என்று தெரியும். ஓடு விரிகிற சத்தம், பல்லி, யாரோ படியேறுவது. எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒரு சாட்சிக்குத் தேவைப்படும்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் நேற்று ஆறாம் அத்தியாயம் வரை படித்துக் காட்டினேன். “அந்த டெய்லர்தான், சாவி அவன்கிட்டதான் இருக்கு” என்றார் அத்தை. சரியாகச் சொல்லிவிட்டார், அதுவும் நான்கு அத்தியாயம் முன்னதாக. சாவி வரும் காட்சியை இரண்டாம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோய், அதோடு சேர்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையையும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மதியம் மேஜை காலியானதும் தாளை விரிக்க வேண்டும்.